எஞ்சினை நிப்பாட்டாதை

தை மாதக் கடைசி. ஒக்லாந்தில் நடுக்கோடை. வெளியில் 26 பாகைதான், ஆனால் கடற்காற்றின் ஈரப்பதனில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மகன் தன் காரின் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் நின்றான். கையில் நாலு பெரிய வாசர்.

"அப்பா, உள்ளுக்குச் சரியான சூடு. பொனற்றைப் பின்பக்கத்தாலை கொஞ்சம் உயர்த்தப் போறன். சூடு வெளியிலை போயிடும்."

அவனுடைய சிநேகிதப் பெடியள் எல்லாரும் செய்கிறார்களாம். பொனற் பூட்டியிருக்கும் பிணைச்சலுக்குக் கீழே வாசர் வைத்து, கண்ணாடிப் பக்கம் ஒரு விரல் இடைவெளி விடுவது. பார்க்கவும் ரேஸ் கார் போல இருக்குமாம். (உண்மையான காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.)

கார் பழையது. ஜப்பானில் யாரோ ஓடி முடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டது. இந்த நாட்டு றோட்டுகளில் ஓடும் கார்களில் ஏராளமானவை அப்படி வந்தவைதான். என்னைப் போல அவையும் இரண்டாவது சீவியம் நடத்துகின்றன என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

நான் அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். எரியும் பெற்றோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு தண்ணியோடு றேடியேற்றருக்குப் போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி சைலன்சர் குழாயால் போகிறது. ஆகவே பொனற்றுக்குள் சூடு இருப்பது வருத்தமல்ல, அளவுக்கு மிஞ்சினால்தான் வருத்தம். அவன் பாதி கேட்டான், பாதி போனைப் பார்த்தான். அவனுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. கார் எஞ்சின் பற்றி நான் படித்த முதல் பாடமே இதற்கு நேர் எதிரானது: பொனற்றுக்குள் சூட்டைக் கூட்டுவது எப்படி?

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத்து நின்றது. கரண்டும் நின்றது. பொருளாதாரத் தடை என்று ஒரு சொல்லை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லத் தெரிந்திருந்த காலம். களவாக வரும் பெற்றோல் மருந்துபோல, சின்னப் போத்தலில் விற்கும். மண்ணெண்ணெய்தான் எல்லாவற்றுக்கும்: விளக்குக்கு, அடுப்புக்கு, தண்ணீர் இறைக்கிற மிசினுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, காருக்கு.

சித்தப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் 1000 இருந்தது. 948 சீசீ எஞ்சின். ஹயருக்கு ஓடினார். கலியாணவீடு, செத்தவீடு, பெரியாஸ்பத்திரி. பெற்றோலுக்கென்று இங்கிலாந்தில் செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்கு என்ன தேவை என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ 38 பாகைக்கு மேல் சூடு கண்டால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அதை விட்டால் பிளக் நனையும், வெள்ளைப் புகை வரும், ஓடாது.

ஆகவே சித்தப்பா செய்தது இதுதான். காபரேற்றருக்குப் போகும் செப்புக்குழாயை நீளமாக்கி, புகை வெளியேறும் குழாயின்மேல் நாலைந்து சுற்றுச் சுற்றினார். மொறிஸ் மைனரில் காபரேற்றரும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில்தான் இருக்கும், ஒன்று மேலே மற்றது கீழே. பெற்றோலில் ஓடும்போது அது வெயில் காலத்தில் ஒரு கரைச்சல். மண்ணெண்ணெய்க்கு அதுவே வரம். றேடியேற்றருக்கு முன்னால் பிஸ்கற் தகரம் ஒன்றை வெட்டிச் செருகினார், காற்றுப்பட்டு எஞ்சின் ஆறிவிடக்கூடாது என்று. எஞ்சின் 'டொக் டொக்' என்று அடிக்காமல் இருக்கத் தீப்பொறி அடிக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார். அதனால் இன்னும் சூடு. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். மற்றவர்களின் காரில் ஒயில் குறையும், எங்கள் காரில் அது கூடும்! அடிக்கடி மாற்றவேண்டும். மாற்ற ஒயில் எங்கே?

ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் பெற்றோல். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற ரியூப் ஒரு துண்டும், ஒரு சின்ன மருந்துப் போத்தலும். காபரேற்றருக்குள் சில துளி விட்டு, கம்பியைப் போட்டுச் சுத்தினால் எஞ்சின் பிடிக்கும். பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பெற்றோல் போத்தல் காவுவது என்னுடைய உத்தியோகம். எனக்கு அப்போது 13, 14 வயது. அந்தப் போத்தல் என் காற்சட்டைப் பையில் கிடக்கும்போது எனக்கு ஏதோ பெரிய பதவி கிடைத்த மாதிரி.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "எஞ்சினை நிப்பாட்டாதை." நிற்பாட்டினால் திரும்பப் பெற்றோல் வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் அரை மணித்தியாலம் நின்றாலும் கார் உறுமிக்கொண்டே நிற்கும். கடையில் வெற்றிலை வாங்கப் போனாலும் நிற்காது. நான் பக்கத்தில் நின்று அக்சிலேற்றர் கம்பியை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி எங்கள் ஆட்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். நான் காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். இருட்டுகிற நேரம் கோண்டாவிலிலிருந்து வெளிக்கிட்டோம். உள்ளே இடுப்பு முறிந்து படுக்கையாகக் கிடந்த அப்பம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் தாயும், மூட்டைகள். எனக்கு இடமில்லை, நான் காருக்குப் பக்கத்தில் நடந்தேன். செம்மணிக்குக் கிட்டப் போகும்போது றோட்டு முழுக்கத் தலைகள். லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் போகவேண்டும். கார் ஓடவில்லை, ஊர்ந்தது என்றுகூடச் சொல்லமுடியாது. நிற்கும், ஒரு பாகம் நகரும், நிற்கும்.

மொறிஸ் மைனரில் வெப்பம் காட்டுகிற முள் கிடையாது. சித்தப்பாவின் மூக்குத்தான் முள். அரியாலை தாண்டியிருப்போம், "தகரத்தைக் கழட்டு" என்றார். நான் முன்னால் போய்ப் பிஸ்கற் தகரத்தை இழுத்து எறிந்தேன். கை சுட்டது. அந்த எஞ்சினில் விசிறி பெல்ற்றில்தான் ஓடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூட்டைக் கூட்டுவதற்கென்று அஞ்சு வருசமாக நாங்கள் செய்துவைத்த அத்தனை வேலையும் அன்று இரவு எங்களுக்கு எதிராகத் திரும்பியது.

சித்தப்பா பொனற்றைத் திறந்து ஒரு விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்துக் கயிற்றால் கட்டினார், ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி. ஆவி வெளியே போனது. ஆனால் மழை உள்ளே வந்தது. டிஸ்ரிபியூட்டர் நனைந்தால் கதை முடிந்தது. சித்தி ஒரு பொலித்தீன் பையைக் கொடுத்தா, அதை மூடிக் கட்டினோம். பிறகு றேடியேற்றர் மூடியைச் சாக்கால் பொத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். (தயவுசெய்து யாரும் செய்யவேண்டாம். அமுக்கத்தில் இருக்கிற தண்ணி 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த கணமே பீறிட்டுக் கொதிக்கும். சித்தப்பாவின் முழங்கையில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.)

தண்ணிக்கு எங்கே போவது? சனங்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணி சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படிச் சேர்த்து, பால்மா ரின் ஒன்றில் கொண்டுவந்து ஊற்றினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல. மூன்றாவது தரம் ஊற்றப் போகையில் ஒரு வயதுபோன ஐயா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, காருக்கு ஊத்திற தண்ணியை எனக்குக் கொஞ்சம் தா ராசா."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். உள்ளே அப்பம்மா முனகிக்கொண்டிருந்தா. கார் நின்றால் அவவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நடக்கிற ஆட்கள் எங்களிடம் இல்லை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஐயா பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். நான் அதை ஊற்றினேன். கேட்டதும் ஏன் உடனே கொடுக்கவில்லை என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன்.

விடிந்து நல்ல வெயில் ஏறியபிறகு சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். எஞ்சின் ஒரு தடவையும் நிற்கவில்லை. என் பையிலிருந்த பெற்றோல் போத்தல் அப்படியே இருந்தது. அடுத்த வருசம் திரும்பி ஊருக்கு வந்தபோது அந்தக் காரைக் கொண்டுவர முடியவில்லை. சித்தப்பாவும் பிறகு ஹயர் ஓடவில்லை.

இனி ஒக்லாந்து. நான் இங்கே அகதியாக வந்து மவுண்ட் ரொஸ்கிலில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருந்த காலம். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மொறிஸ் மைனர் வைத்திருந்தார்! இந்த நாட்டிலேயே பொருத்தியது என்று பெருமையாகச் சொன்னார். அது உண்மை, அந்தக் கார்களை ஒக்லாந்திலேயே பொருத்தியிருக்கிறார்கள். பொனற்றைத் திறந்தால் பெற்றோல் குழாயில் உடுப்புக் காயப்போடுகிற மரக் கிளிப்புகள் வரிசையாகக் குத்தியிருந்தன. குழாய் சூடாகிப் பெற்றோல் உள்ளேயே ஆவியாகிவிட்டால் கார் நின்றுவிடும், அதற்கான கைவைத்தியமாம். மரக் கிளிப்புக்கு அப்படிச் சக்தி இருப்பதாக நான் நம்பவில்லை. குழாயைச் சூட்டிலிருந்து தள்ளி வைப்பதுதான் மருந்து. அவர் பெற்றோல் ஆவியாகாமல் இருக்கப் படாதபாடு பட்டார். நாங்கள் ஆவியாக்குவதற்குக் குழாயைச் சுற்றினோம் என்று சொன்னேன். கிழவர் நம்பமாட்டார் என்று நினைத்தேன். "என் அப்பாவின் பண்ணையில் பெர்குசன் ட்ராக்டர் இருந்தது" என்றார். அதுவும் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகையாம். றேடியேற்றருக்கு முன்னால் மூடுதிரைகூட வைப்பார்களாம். ஆக, பிஸ்கற் தகரம் சித்தப்பாவின் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டு முனையிலும் ஒரே தேவை, ஒரே தகரம்.

அவர் தன்னுடைய கஷ்ட காலத்தையும் சொன்னார். 1979 இல் ஈரான் புரட்சியோடு எண்ணெய் தட்டுப்பட்டபோது, ஒவ்வொரு காருக்கும் கிழமையில் ஒருநாள் ஓடக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டதாம். எந்த நாள் என்று நாங்களே தெரிவுசெய்து கண்ணாடியில் ஒட்டவேண்டும். 1979 ஆடிக் கடைசியில் தொடங்கி அடுத்த வருசம் மே மாதம் வரை. நான் சிரித்துவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

2004 இல் முதல் கார் வாங்கினேன், 1,800 டொலர். அலுவலகங்களைத் துப்பரவாக்குகிற வேலை, விடிய 3 மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. கார்தான் வேலை, வேலைதான் கார். றேடியேற்றருக்குப் பைப் தண்ணியைத்தான் ஊற்றுவேன். கூலன்ற் என்று ஒரு போத்தலை 20 டொலர் கொடுத்து வாங்குவது எனக்கு வீண்செலவாகத் தெரிந்தது. அது கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே கறள் பிடிக்காமலும் காக்கும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருநாள் ஹமில்ற்றனுக்கு ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனோம். ஒக்லாந்திலிருந்து தெற்கே போனால் பொம்பே ஹில்ஸ் என்று ஒரு ஏற்றம். பொம்பே என்றதும் யாரோ இந்தியர் வைத்த பெயர் என்று நினைப்பீர்கள், அப்படியில்லை. 1863 இல் குடியேறிகளைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் அது. ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போனது. மனைவி கண்டுவிட்டா.

"நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டினா திருப்பி ஸ்ராட் வராது."

"முள்ளைப் பாருங்கோ!"

"கொஞ்சம் பொறு, உச்சிக்குப் போயிடுவம்."

யார் சொன்னது அதை? என் வாய்தான், ஆனால் குரல் சித்தப்பாவுடையது. ராங்க் நிறையப் பெற்றோல் இருந்தது. திறப்பைத் திருப்பினால் பிடிக்கிற பற்றறி இருந்தது. மழை இல்லை, சனம் இல்லை, பின்சீற்றில் அப்பம்மா இல்லை. இருந்தும் என் கை திறப்புக்குப் போகவில்லை. உச்சிக்குக் கிட்ட முன்கண்ணாடியை ஆவி மூடியது. பிறகு எஞ்சின் தானாகவே நின்றது.

கராஜ்காரன் ஹெட்டைக் கழற்றி ஒரு நேரான இரும்புச் சட்டத்தை அதன்மேல் வைத்துக் காட்டினான். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் இடையால் வெளிச்சம் தெரிந்தது. வளைந்துவிட்டது. காஸ்கற்றும் போய்விட்டது. "ஏன் நிற்பாட்டவில்லை?" என்று கேட்டான். அவனுக்கு நான் எங்கேயிருந்து தொடங்குவது? மொறிஸ் மைனரின் ஹெட்டும் இரும்பு, உடம்பும் இரும்பு. சூட்டில் இரண்டும் ஒன்றாக விரியும். புதிய கார்களில் ஹெட் அலுமினியம், அது இரும்பைவிடக் கூட விரியும், அளவு மீறினால் கோணிக்கொள்ளும். சித்தப்பாவின் சட்டம் சித்தப்பாவின் எஞ்சினுக்குச் சரி. திருத்த 1,400 டொலர் கேட்டான். காரை இரும்பு விலைக்குக் கொடுத்தேன். வேலைக்கு இரண்டு கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்தேன், மூன்று நாள் பிந்தினேன், வேலையும் போய்விட்டது. மனைவி அதன்பிறகு அந்தக் கதையை எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

சரி, மகனின் காருக்கு வருவோம். வாசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார் ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பக்கத்தில் காற்று மோதி அமுக்கம் கூடுகிறது. கார்க்காரர்கள் காருக்குள் காற்று எடுக்கும் வழியை அந்த இடத்தில் வைப்பதும் அதனால்தான். அங்கே இடைவெளி விட்டால், நிற்கும்போது சூடு மேலே போகும், ஓடும்போது வெளிக்காற்று உள்ளே வந்து, முன்னுக்கு றேடியேற்றரால் வருகிற காற்றைத் தடுக்கவும் பார்க்கும். சூடு வெளியேறுவது பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தால். புகைக்குழாய்க்குத் துணிநாடா சுற்றலாமா என்று அடுத்துக் கேட்டான். சுற்றலாம், சூடு குழாய்க்குள்ளேயே நின்று வெளியே போகும். ஆனால் நாடா ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை உக்கப்பண்ணும், ஒக்லாந்தில் ஈரத்துக்கா பஞ்சம்? அதற்குப் பதில் பளபளப்பான தகட்டை ஒரு விரல் தள்ளிப் பூட்டினால் போதும். கதிர்வீச்சாக வருகிற சூட்டை அது திருப்பி அடிக்கும், இடையிலுள்ள காற்று மிச்சத்தைத் தடுக்கும்.

இரண்டு சனி ஞாயிறு அப்பனும் மகனுமாக வேலை செய்தோம். தகடு வெட்டிப் பூட்டினோம். றேடியேற்றர் செதில்களில் செத்துக் கிடந்த பூச்சிகளை உள்பக்கமிருந்து தண்ணி அடித்துக் கழுவினோம். பழைய கூலன்ற்றை வடித்துப் புதிது விட்டோம். தேமோஸ்ராற்றைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிராக ஓடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதை எறியாமல், கொதிதண்ணிச் சட்டிக்குள் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, திரும்பப் பூட்டினோம். எனக்கு நல்ல புளுகம். கிழவர் இருந்த வீட்டுப் பக்கம் பார்த்தேன், அவர் எப்போதோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்.

பெப்ரவரி 6, வைத்தாங்கி நாள் விடுமுறை. ஹமில்ற்றனுக்கு வெளிக்கிட்டோம், அவன் ஓட்டினான். தெற்கு மோட்டார்வேயில் விடுமுறைச் சனம் முழுக்க நின்றது. நிற்கும், கொஞ்சம் நகரும், நிற்கும். பொம்பே ஏற்றத்துக்கு முன்னாலேயே முள் எழும்பத் தொடங்கியது. ஹீற்றரை முழுதாகப் போடு என்றேன். எஞ்சினின் சூட்டைக் காருக்குள் இழுத்துக்கொள்கிற தந்திரம் அது. கண்ணாடியைத் திறந்துவிட்டு இருவரும் வேர்த்து ஒழுகினோம். முள் கொஞ்சம் இறங்கியது, பிறகும் ஏறியது.

அவன் சிக்னல் போட்டு ஓரத்துக்கு எடுத்தான். கை திறப்புக்குப் போனது.

"நிப்பாட்டாதை!"

கத்திவிட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், திறப்பைத் திருப்பினான். எஞ்சின் நின்றது. பக்கத்தால் வாகனங்கள் போகிற சத்தம் மட்டும்.

இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் புல்லில் இருந்தோம். பொனற்றைத் திறந்து, மூடியைத் தொடாமல் விட்டோம். "ஏன் கத்தினீங்கள்?" என்று கேட்டான். கதையை அன்றைக்குத்தான் சொன்னேன், பால்மா ரின் ஐயா உட்பட. அவன் இடையில் போனைப் பார்க்கவில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்துத் திறப்பைத் திருப்பினான். முதல் தரத்திலேயே பிடித்தது.

பிழை என்னவென்று வீட்டுக்கு வந்துதான் கண்டோம். றேடியேற்றரின் மின்விசிறிக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே செத்துப்போயிருந்தது. தகடு வெட்டிய இரண்டு கிழமையும் அந்த விசிறி சுற்றுகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பழைய கார் உடைக்கிற இடத்தில் ஒரு ரிலே எடுத்து மாட்டினோம், 5 டொலர். நாலு வாசரும் இன்னும் தட்டில்தான் கிடக்கின்றன.